கேஸ் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி

"அவனை விடக் கூடாது சார், கேஸ் போடுங்கள்." பதிப்புரிமை வழக்குகளைப் பார்க்கும் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் எழுத்தாளர். அவருடைய மின்னூல் வெளியாக இரண்டு நாள் இருக்கும்போதே, பிடிஎஃப் ஒரு மெசேஜிங் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. "இந்த ஃபைலை யார் யாருக்கு அனுப்பினீர்கள்?" என்று கேட்டேன். பிழை திருத்துபவர், அட்டை வடிவமைப்பவர், விமர்சனம் எழுத ஆறு பேர், அப்புறம் இரண்டு நண்பர்கள். பத்துப் பேருக்கும் ஒரே ஃபைல். யாரிடமிருந்து கசிந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உரிமை அவருடையதுதான், சந்தேகமில்லை. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் எழுதி முடித்ததுமே பதிப்புரிமை வந்துவிடும், பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வழக்கை யார் மேல் போடுவது? குழுவை நடத்துபவருக்கு ஒரு புனைபெயர்தான் இருக்கிறது. நோட்டீஸ் அனுப்பினோம், லிங்க் போனது. மறுநாள் வேறு குழுவில் முளைத்தது.

அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் 2003 முதல் 2008 வரை, பாட்டைப் பகிர்ந்த சுமார் 35,000 பேர் மீது சட்ட நடவடிக்கை எடுத்தது. பகிர்வு நிற்கவில்லை, கடைசியில் சங்கமே அந்த வழியைக் கைவிட்டது. அதே 2003-இல்தான் ஆப்பிளின் இணையப் பாட்டுக் கடையான ஐடியூன்ஸ் ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்க ஆரம்பித்தது. நேர்வழி சுலபமாக இருந்தால் பலர் அதில்தான் போவார்கள் என்பது என் அனுபவமும்கூட.

பூட்டுவதிலும் அளவு வேண்டும். நகலெடுப்பதைத் தடுக்க இசை நிறுவனமான சோனி பிஎம்ஜி தன் சிடிக்களில் வைத்த மென்பொருள், வாங்கியவர்களின் கணினிக்குள் ஒளிந்துகொண்டு பாதுகாப்பில் ஓட்டை போட்டது. 2005-இல் அது வெளியே தெரிந்து, சிடிக்களைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. காசு கொடுத்தவர்தான் அடி வாங்கினார்!

தண்டனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. திருட்டுத் தளம் நடத்தி விளம்பரத்தில் சம்பாதிப்பவர்களை விடவே கூடாது. ஆனால் அந்த வழக்கு முடிவதற்குள் புத்தகம் விற்க வேண்டிய நாட்கள் போயிருக்கும்.

அடுத்த நூலுக்கு ஒரு வழி சொன்னேன். ஒவ்வொரு பிரதியிலும் பெறுபவரின் பெயரை எல்லாப் பக்கத்தின் அடியிலும் போடுங்கள். கசியவிடுபவர் பெயரை அழித்துவிடக்கூடும், அதனால் ஒவ்வொரு பிரதியிலும் வெவ்வேறு இடத்தில் ஒரு சொல்லையும் மாற்றிவிடுங்கள்: 'ஆனால்' இருக்கும் இடத்தில் 'எனினும்'. அதைத் தேடி அழிப்பது கஷ்டம்.

போன மாதம் வந்தபோது ஒரு நோட்டைக் காட்டினார். எந்த 'எனினும்' யாருக்கு என்று வரிசையாக எழுதியிருந்தார். விமர்சனப் பட்டியலும் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தது.