பெட்டி காலி என்கிறது ஈமேக்ஸ்

நிரல் எழுதப் பயன்படும் ஈமேக்ஸ் எடிட்டரைத் திறக்கிறோம். பழகிய கருப்புப் பின்னணியைக் காணோம், எழுத்துருவும் மாறிக் கிடக்கிறது. வெள்ளைவெளேர் என்ற திரையில் ஓர் எச்சரிக்கை மட்டும்: 'சிம்பல்ஸ் ஃபங்ஷன் டெஃபனிஷன் இஸ் வாய்டு'. நேற்று ராத்திரி நாலைந்து பேக்கேஜ்களை, அதாவது எடிட்டரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகளை, அப்டேட் செய்ததைத் தவிர நாம் ஒரு பாவமும் செய்யவில்லை.

1985-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட குனு ஈமேக்ஸின் அடித்தளம் சி மொழியில் எழுதப்பட்டது. மேலே இருப்பதில் பெரும்பகுதி லிஸ்ப் என்ற இன்னொரு நிரல்மொழி. நாம் சேர்க்கும் பேக்கேஜும் லிஸ்ப்தான். அது தனி அறையில் ஓடுவதில்லை. எடிட்டர் ஓடும் அதே நினைவகத்தில் வந்து கலந்துவிடுகிறது. திறக்கும்போது நம் அமைப்புகளைப் படிக்கும் தொடக்கக் கோப்பும் அங்கேதான் ஓடுகிறது, பிழை வந்த வரியோடு அது நின்றுவிடும். அதனால்தான் அதன் 40-ஆவது வரியில் ஒரு பேக்கேஜ் விழுந்தால், 41-ஆவது வரியில் இருக்கும் அப்பாவி வண்ண அமைப்பும் சேர்ந்து போகிறது.

லிஸ்ப் நிரலில் வரும் பெயர்களுக்கு சிம்பல் என்று பெயர். ஒவ்வொரு சிம்பலுக்கும் உள்ளே நான்கு பெட்டிகள் உண்டு: பெயருக்கு ஒன்று, மதிப்புக்கு ஒன்று, ஃபங்ஷனுக்கு (கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு) ஒன்று, பண்புகளுக்கு ஒன்று. 'வாய்டு' என்றால் ஃபங்ஷன் பெட்டி அந்த நொடியில் காலி என்று பொருள். அந்த ஃபங்ஷன் எங்குமே இல்லை என்று அர்த்தமில்லை. இலை போடுமுன் சோற்று வாளியோடு வந்து நின்றால் பந்தியில் என்ன ஆகும்? பெரும்பாலும் அதுதான் இங்கும் நடந்திருக்கிறது: பெட்டி நிரம்புமுன்பே ஃபங்ஷனைக் கூப்பிட்டிருக்கிறோம்.

பெட்டியை நிரப்ப வேண்டிய கோப்பை ஈமேக்ஸ் 'லோட் பாத்' என்ற அடைவுப் பட்டியலில் வரிசையாகத் தேடும். முதலில் கிடைத்ததே முடிவு. பழைய பிரதி ஒன்று முன்வரிசையில் கிடந்தால் புதியதைத் திரும்பியும் பார்க்காது. ஒரே அடைவுக்குள் நாம் எழுதும் மூலக்கோப்பும் அதன் கம்பைல் செய்த (வேகமாக ஓடும்படி மாற்றிய) வடிவமும் இருந்தால், கம்பைல் செய்ததையே எடுக்கும். மூலம் அதைவிடப் புதியதாக இருந்தாலும் அப்படித்தான். இது தெரியாமல் ஒரு பேக்கேஜின் மூலக்கோப்பில் முக்கால் மணி நேரம் திருத்திக்கொண்டிருந்தேன். என்ன மாற்றினாலும் அதே பிழை. 'பழைய கோப்பையே பயன்படுத்துகிறேன்' என்று 'மெசேஜஸ்' என்ற செய்திப் பக்கத்தில் ஈமேக்ஸ் ஒவ்வொரு முறையும் நேர்மையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

இதைவிடத் தந்திரமானது மேக்ரோ, அதாவது வேறு நிரலாக விரியும் ஒரு சுருக்கம். கம்பைல் செய்யும்போதே மேக்ரோ விரிந்து கோப்புக்குள் உறைந்துவிடும். அந்த மேக்ரோவைத் தந்த வேறொரு பேக்கேஜ் அப்டேட்டில் மாறிவிட்டால், நம் கோப்பில் உறைந்திருக்கும் பழைய விரிவு, இப்போது இல்லாத ஓர் உள் ஃபங்ஷனைக் கூப்பிடும். திட்டு வாங்குவது ஒரு பேக்கேஜ், மாறியது இன்னொன்று. 'இன்வேலிட் ஃபங்ஷன்' என்று வந்தாலும் மேக்ரோவைத்தான் சந்தேகிக்க வேண்டும்: கம்பைல் ஆன நேரத்தில் அது ஏறியிருக்காது, கம்பைலர் அதை வெறும் ஃபங்ஷன் என்று எண்ணிவிட்டிருக்கும். இரண்டுக்கும் மருந்து மறுகம்பைல். 29-ஆம் பதிப்பிலிருந்து எல்லா பேக்கேஜ்களையும் ஒரே கட்டளையில் செய்துவிடலாம்.

கண்டுபிடிப்பது எப்படி? முதலில், ஈமேக்ஸைத் திறக்கும் கட்டளையோடு பெரிய எழுத்து 'க்யூ' (-Q) என்ற கொடியைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். நம் அமைப்புகள் எதுவும் இல்லாமல் வெறும் ஈமேக்ஸ் வரும். அது ஒழுங்காக இருந்தால் கோளாறு நம் வீட்டில்தான். அடுத்து 'டீபக் இனிட்' (--debug-init) கொடி. இது பிழை நடந்த இடத்திலேயே நின்று, யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற அடுக்கைக் காட்டும். மேல்வரி விழுந்த இடம். அங்கிருந்து கீழே இறங்கி, நம் தொடக்கக் கோப்பின் பெயர் வரும் வரிவரை படிக்க வேண்டும். அதற்கும் பிடிபடாவிட்டால் கோப்பைப் பாதியாக வெட்டி எந்தப் பாதியில் பிழை வருகிறது என்று பார்க்கலாம். 400 வரிக் கோப்பு என்றால் அதிகபட்சம் 9 வெட்டு. அடைப்புக்குறிக்கு நடுவே மட்டும் வெட்டிவிடக் கூடாது. புதுப் பிழை ஒன்று சேர்ந்துகொள்ளும்.

என் பேக்கேஜுக்கு வருகிறேன். புதிய கோப்பையே எடு என்று சொல்ல 'லோட் ப்ரிஃபர் நியூவர்' என்ற அமைப்பு இருக்கிறது. அதைத் தொடக்கக் கோப்பின் கடைசி வரியில் எழுதி, நிம்மதியாக மறுபடி திறந்தேன். அதே பிழை. அந்த வரியை ஈமேக்ஸ் எட்டுவதற்குள் பழைய கோப்பு ஏறி முடிந்திருந்தது. இப்போது அது 27-ஆம் பதிப்பில் வந்த, பேக்கேஜ்கள் ஏறுமுன்பே படிக்கப்படும் 'எர்லி இனிட்' கோப்பில், முதல் வரியாக இருக்கிறது.