சைட்டோகுரோம் பி450 – மருந்துமாற்ற நொதி

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் ‘சிஒய்பி3ஏ4’ என்றொரு குறியீடு அடிக்கடி வரும். அதிலுள்ள ‘சிஒய்பி’ சைட்டோகுரோம் பி450 என்பதன் சுருக்கம். விழுங்கும் மருந்துகளில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலிலும் சிறுகுடல் சுவரிலும் வேதிமாற்றம் செய்யும் நொதிக் குடும்பம் இது. 3ஏ4 அந்தக் குடும்பத்தின் தலைப்பிள்ளை. மருந்துகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அதன் கைபட்டே மாறுகின்றன.

கிரேக்கத்தில் ‘கைட்டோஸ்’ என்றால் உள்ளீடற்ற பாத்திரம். ‘குரோமா’ என்றால் நிறம். உயிரணுவை இலங்கைப் பாடநூல்கள் ‘கலம்’ என்கின்றன. கலம் என்பதும் பாத்திரமே. மூலத்தோடு இவ்வளவு பொருந்தும் கலைச்சொல் அரிது. ‘பி’ நிறமியைக் குறிக்கிறது. இந்த நொதியிலுள்ள இரும்போடு கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை அது மிகுதியாக உறிஞ்சும். 1962இல் ஜப்பானின் ஓமுராவும் சாட்டோவும் அந்த எண்ணையே பெயரில் வைத்தார்கள். இது என்ன வேலை செய்கிறது என்று அப்போது எவருக்கும் தெரியாது.

அதனால்தான் ‘கலநிறமி 450’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் பயனில்லை. நோயாளிக்கு அது எதையும் உணர்த்தாது. ‘மருந்து சிதைக்கும் நொதி’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். வலி மருந்தான கோடீன் உடலுக்குள் மார்ஃபினாக மாறுவதும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரல் வீரியம் பெறுவதும் இந்த நொதிகளால்தான். அங்கே எதுவும் சிதையவில்லை, ஆக்கமே நடக்கிறது. எனவே ‘மருந்துமாற்ற நொதி’ என்பதே சரி.

தாவரப் பொருள்கள் இந்த நொதிகளிடம் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. முடக்குபவை ஒடுக்கிகள், பெருக்குபவை தூண்டிகள்.

ஒடுக்கிக்கு கிரேப்ஃபுரூட்டை விட நல்ல சான்று இல்லை. நம் பம்ப்ளிமாஸும் சாத்துக்குடி போன்ற இனிப்பு ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம் அது. 1980களின் இறுதியில் கனடாவில் டேவிட் பெய்லியின் குழு, ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தது. மதுவின் சுவை தெரியாமலிருக்க இந்தப் பழச்சாற்றில் கலந்து கொடுத்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததை விட மிக அதிகமாக ஏறியது. காரணம் மதுவல்ல, சாறு. அதிலுள்ள பெர்கமாட்டின் முதலான ஃபியூரனோகூமரின்கள் என்ற சேர்மங்கள் குடல் சுவரிலுள்ள 3ஏ4 நொதியை மீளமுடியாமல் முடக்குகின்றன. வழக்கமாகக் குடலிலேயே பெரும்பங்கு கழிந்துபோகும் மருந்து அப்படியே இரத்தத்துக்குள் நுழைகிறது. புது நொதி உருவாகும் வரை, ஒரு நாளுக்கு மேலும்கூட இந்த நிலை நீடிக்கும். ஆகவே காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று இடைவெளி விட்டாலும் தப்ப முடியாது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் இப்படி அளவு மீறினால் தசைகள் சிதையக்கூடும். ஃபியூரனோகூமரின்கள் பம்ப்ளிமாஸிலும் உண்டு என்பதை நம் மருந்துக்கடைகளில் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

தூண்டி இதற்கு நேரெதிர். ஐரோப்பாவில் மனச்சோர்வுக்கு உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையிலுள்ள ஹைப்பர்ஃபோரின், 3ஏ4 நொதியைக் கூடுதலாக உருவாக வைக்கிறது. மருந்து விரைவில் மாற்றமடைந்து, இரத்தத்தில் அதன் அளவு குறையும். உறுப்புமாற்று செய்துகொண்டவர்களுக்கு, நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான சைக்ளோஸ்போரின் அளவு சரிந்து, பொருத்திய உறுப்பை உடல் நிராகரித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

இனி மிளகு. அதன் காரத்துக்குக் காரணமான பைப்பரினின் பெயர் திப்பிலியோடு உறவுள்ளது: வடமொழிப் ‘பிப்பலி’ கிரேக்கம், லத்தீன் வழியே ‘பைப்பர்’ ஆயிற்று. ஆய்வகத்தில் பைப்பரினும் 3ஏ4 நொதியை ஒடுக்குகிறது. 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது மஞ்சளின் குர்குமின் உடலில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. அதைப் பி450 கணக்கில் எழுதுவது பிழை. அங்கே முக்கியமாகத் தடைபட்டது குளுக்குரோனைடாக்கம் என்ற வேறொரு மாற்றம். ரசத்தில் விழும் மிளகும் பிரித்தெடுத்த பைப்பரினும் ஒன்றல்ல. ஆனால் வலிப்புக்கு ஃபெனிட்டாயின் உண்பவர், மூட்டு வலிக்கென்று பைப்பரின் கலந்த மஞ்சள் மாத்திரையையும் வாங்கினால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஃபெனிட்டாயின் அளவைப் பைப்பரின் கூட்டுவது மனிதர்களிடமே காணப்பட்டிருக்கிறது.