பெட்ரோலை விற்கிறோம், சிலிண்டரை வாங்குகிறோம்

தாராவி 90 அடி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் விடிகாலை மூன்று மணிக்கே இட்லிக் கொப்பரைகள் அடுப்பில் ஏறிவிடும். அங்கே இட்லி வியாபாரம் செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். கப்பலுக்குப் போகும் நாட்களில் அவரிடம் பொட்டலம் கட்டிக்கொண்டுதான் போவேன். ஒரு நாள் கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றைக் காட்டினார். "அண்ணாச்சி, நம் நாடு ஐரோப்பாவுக்கே டீசல் விற்கிறதாம். எண்ணெய் அவ்வளவு பெருகிக் கிடக்கிறது என்றால், என் சிலிண்டர் மட்டும் ஏன் மாதம் பிறந்தால் விலை மாறுகிறது?" என்று கேட்டார்.

படகுக்கு நேரமாகிவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி மட்டும் என்னோடு படகில் ஏறிக்கொண்டது. அவரைப் போலவே பலரும் கேட்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் மும்பைத் துறைமுகத்தில் எண்ணெய்ச் சரக்கை அளக்கும் சர்வேயர். எலிஃபன்டா தீவுக்குப் படகில் போனவர்கள் வழியில் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் ஒரு சிறு தீவைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஜவஹர் தீவு. பழைய ஆட்கள் இன்றும் புட்சர் தீவு என்பார்கள். மும்பையின் மாகுல் பகுதியில் உள்ள இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் கப்பலில் வரும் கச்சா எண்ணெய் அங்கே இறங்கி, கடலடிக் குழாய் வழியாகக் கரை சேர்கிறது. இறங்குவதற்கு முன் கப்பலின் ஒவ்வொரு தொட்டியிலும் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தண்ணீர், என்ன வெப்பநிலை என்று அளந்து கணக்குச் சொல்வது என் வேலை.

எடை பார்க்க இங்கே தராசு கிடையாது. தொட்டியின் மேல்வாயில் கருவியைப் பொருத்தி எஃகு நாடாவைக் கீழே இறக்குவோம். நுனி எண்ணெயைத் தொட்டதும் ஒரு விதமாக ஒலிக்கும், அடியில் தண்ணீரைத் தொட்டால் ஒலி மாறும். அந்த மில்லிமீட்டர் கணக்கிலிருந்துதான் கோடிக்கணக்கான ரூபாய்க்கான பில் பிறக்கிறது. வெப்பநிலையில் பிழை வந்தால் என்ன ஆகும் என்று புதிதாக வரும் பையன்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு லட்சம் கன மீட்டர் எண்ணெயில் ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் தவறாகப் படித்தால் ஏறத்தாழ 80 கன மீட்டர் கூடும் அல்லது குறையும். அது 500 பீப்பாய். பீப்பாய் 70 டாலர் என்று வைத்தால் முப்பது லட்சம் ரூபாய் அளவுக்குப் போகும். அதனால்தான் எங்கள் தொழிலில் யாரும் "சுமார்" என்ற சொல்லை வாய் தவறிக்கூடச் சொல்ல விரும்புவதில்லை. இந்தக் கட்டுரையில் நாட்டுக் கணக்கைச் சொல்லும்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

முதலில் நம் சொந்த எண்ணெய். 1974 பிப்ரவரியில் 'சாகர் சாம்ராட்' என்ற துளைமேடை மும்பைக்கு மேற்கே நடுக்கடலில் எண்ணெயைக் கண்டது. 1976 மே மாதத்தில் உற்பத்தி தொடங்கியது. கண்டுபிடித்து ஐம்பது ஆண்டைத் தாண்டிவிட்ட 'மும்பை ஹை' என்ற அந்த வயல்தான் நெடுங்காலம் நாட்டின் மிகப் பெரிய ஊற்று. கந்தகம் மிகக் குறைந்த, இலேசான, அருமையான எண்ணெய் அது. ஆனால் எண்ணெய் வயலுக்கும் முதுமை உண்டு. உள்ளழுத்தம் குறையக் குறைய, எண்ணெயை மேலே தள்ளுவதற்குக் கடல்நீரைக் கீழே செலுத்துகிறார்கள். போகப் போக அந்த நீரே எண்ணெயோடு கலந்து மேலே வரத் தொடங்குகிறது. பிரித்தெடுக்கும் நீர் ஆண்டுக்கு ஆண்டு கூடும், எண்ணெய் குறையும். ராஜஸ்தானின் பார்மேரில் 2009இல் உற்பத்தி தொடங்கியபோது சில ஆண்டுகள் நிலைமை தேறியது. மெழுகு போல உறையும் எண்ணெய் அது. குழாயை வழி நெடுகச் சூடாக்கிக்கொண்டே குஜராத் கடற்கரை வரை கொண்டுவருகிறார்கள். அந்த வயலும் இப்போது இறங்குமுகம்தான். 2024 ஜனவரியில் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் ஆழ்கடலில் புதிதாக எண்ணெய் வரத் தொடங்கியது. மும்பை ஹையில் உற்பத்தியைத் தூக்கி நிறுத்த 2025இல் பிரிட்டனின் பிபி எண்ணெய் நிறுவனத்தைத் தொழில்நுட்பத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். இவை சரிவின் வேகத்தைக் குறைக்கலாம். இறக்குமதியை விரட்டிவிடும் என்று நான் நம்பவில்லை.

2011-12இல் நாட்டின் கச்சா எண்ணெய் உற்பத்தி சுமார் 3 கோடியே 80 லட்சம் டன். 2024-25இல் அது 2 கோடியே 87 லட்சம் டன்னாகக் குறைந்துவிட்டது. அதே ஆண்டில் இறக்குமதி 24 கோடி டன்னைத் தாண்டியது. தேவையில் 88 சதவீதம் வெளியிலிருந்துதான் வருகிறது. கப்பல் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல் ஒன்று 20 லட்சம் பீப்பாய் ஏற்றும். அப்படிப்பட்ட கப்பல் தினமும் ஏறத்தாழ இரண்டரை வந்தால்தான் நம் ஆலைகள் ஓடும். நம் கிணறுகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் தருவது அதே கப்பலில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது.

ஆலைகளின் கதை இதற்கு நேர் எதிரானது. அசாமின் திக்பாயில் 1901இல் தொடங்கிய தொழில் இது. மாகுலின் இரண்டு ஆலைகளும் 1950களின் நடுவில் வெளிநாட்டு நிறுவனங்கள் கட்டியவை. எழுபதுகளில் நாட்டுடைமையாயின. நம் சென்னை மணலி ஆலை 1969இல் 25 லட்சம் டன்னில் தொடங்கி இன்று 1 கோடியே 5 லட்சம் டன்னில் நிற்கிறது. ஜாம்நகரில் 1999இலும் 2008இலும் எழுந்த இரட்டை ஆலைகள் ஒரே வளாகத்தில் உலகிலேயே பெரியவை. மொத்தத் திறன் ஆண்டுக்கு 25 கோடி டன்னுக்கு மேல். அமெரிக்கா, சீனா, ரஷ்யாவுக்கு அடுத்த இடம் நமக்கு.

இந்த ஆலைகளின் தேர்ச்சி எதில் என்றால், மட்டமான எண்ணெயை வாங்கி நல்ல சரக்காக மாற்றுவதில். கந்தகம் மிகுந்த கனத்த எண்ணெய் விலை குறைவு. 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதிக்கு ஏற்ற எரிபொருளுக்கு மாறியபோது கந்தகத்தின் உச்ச வரம்பு 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சம் பங்கில் 50) 10 ஆக இறங்கியது. பிஎஸ்-5ஐத் தாண்டிக் குதித்தோம். அதற்காக ஒவ்வொரு ஆலையும் ஹைட்ரஜன் செலுத்திக் கந்தகம் நீக்கும் பிரிவுகளைப் பெரும் செலவில் கட்டியது. மும்பையின் டீசல் புகை அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று சயான் பாலத்தடியில் நின்று பேருந்துக்குக் காத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்தக் கந்தகத்தை மூக்கால் அறிகிற தொழில் என்னுடையது. சட்டைப் பையில் செருகிய சிறு கருவி ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு வாயு வந்தால் அலறும். அழுகிய முட்டை நாற்றம் என்பார்கள். வாயு சற்று அதிகமானால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதியாக மூச்சு விடுபவன்தான் விழுவான். கருவி அலறினால் காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகி ஓட வேண்டும் என்பது டெக்கில் ஏறுவதற்கு முன் நான் சொல்லித்தரும் முதல் பாடம்.

இனி வணிகம். 2022க்கு முன் நம் இறக்குமதியில் ரஷ்ய எண்ணெய் 2 சதவீதம்கூட இல்லை. உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பா கைவிட்ட எண்ணெயை நாம் தள்ளுபடியில் வாங்கினோம். ஓரிரு ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. தள்ளுபடி முதலில் பெரிதாக இருந்தது, பிறகு பீப்பாய்க்குச் சில டாலராகச் சுருங்கியது. "பாதி விலைக்கு வாங்குகிறார்கள்" என்று இன்னமும் சுற்றிவரும் செய்தியை நம்ப வேண்டாம். அதே சமயம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கச்சா எண்ணெய் இறங்கிய மாதங்களிலும் மும்பையில் பெட்ரோல் 2022 ஜூலை முதல் 2024 மார்ச் வரை 106 ரூபாய் 31 காசிலேயே நின்றது. தினமும் விலை மாறும் என்று 2017இல் அறிவித்த முறை காகிதத்தில்தான் இருந்தது. ஏறும்போது நுகர்வோரைக் காத்தோம் என்று சொன்னவர்கள் இறங்கும்போதும் கணக்கைக் காட்டியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இட்லிக்காரர் படித்த செய்தி உண்மைதான். 2024-25இல் 6 கோடி டன்னுக்கு மேல் டீசல், பெட்ரோல், விமான எரிபொருள் போன்றவற்றை ஏற்றுமதி செய்தோம். நெதர்லாந்து துறைமுகங்கள் வரை போனது. ஆனால் அந்த டீசலுக்குள் இருப்பது நாம் வாங்கி வந்த எண்ணெய். நமக்கு நிற்பது ஆலையின் கூலி, அதாவது லாப வித்தியாசம் மட்டும். 2024-25இல் கச்சா எண்ணெய் வாங்க சுமார் 13,700 கோடி டாலர் கொடுத்தோம். ஏற்றுமதியில் திரும்பி வந்தது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அரிசி வாங்கி வந்து இட்லி விற்பவரிடம் நெல் வயல் இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. அவரிடம் நான் இப்படித்தான் விளக்கினேன், சட்டென்று புரிந்துகொண்டார்.

சிலிண்டர் கதை வேறு. இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

ஆலையில் 100 டன் கச்சா எண்ணெய் காய்ச்சினால் சமையல் எரிவாயு நாலைந்து டன்தான் கிடைக்கும். டீசலைப் பெருக்குவது போல இதை அவ்வளவாகப் பெருக்க முடியாது. மும்பை ஹை வயலின் எரிவாயுவிலிருந்து உரணில் பிரித்தெடுப்பதையும், இது போன்ற மற்ற இடங்களில் கிடைப்பதையும் சேர்த்தால் 2024-25இல் உள்நாட்டு உற்பத்தி 1 கோடியே 28 லட்சம் டன் அளவில் நின்றது. தேவையோ அதே ஆண்டில் 3 கோடியே 13 லட்சம் டன். 2014இல் 14 கோடியைச் சற்றே தாண்டியிருந்த வீட்டு இணைப்புகள் இன்று 33 கோடி. விறகுப் புகையில் கண் எரிந்த பெண்களுக்கு அடுப்பு கிடைத்தது பெரிய நன்மை. அதில் எனக்குக் கொஞ்சமும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சிலிண்டர்களில் பத்தில் ஆறு இறக்குமதி என்பதையும், அது பெரும்பாலும் கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், குவைத், சவூதி அரேபியாவிலிருந்து வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் என்ற ஒரே நீரிணை வழியாக வந்தது என்பதையும் நாம் பேசுவதே இல்லை.

கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறைக்குள் குடைந்த சேமிப்பறைகள் உண்டு. மொத்தம் 53 லட்சம் டன், சுமார் ஒன்பதரை நாளுக்கு வரும். எரிவாயுவைச் சேமிப்பது கடினம். அழுத்தத்தில் வைக்க வேண்டும், அல்லது கடுங்குளிரில். விசாகப்பட்டினத்தில் பாறைக்குள் உள்ள எரிவாயுச் சேமிப்பறையின் கொள்ளளவு 60,000 டன். மங்களூரில் புதிதாக வந்திருப்பது 80,000 டன். நாடு ஒரு நாளில் எரிப்பது 85,000 டன். இரண்டும் நிறைந்திருந்தாலும் இரண்டு நாள் தாங்காது. துறைமுக முனையங்களிலும் நிரப்பும் ஆலைகளிலும் சரக்கு இருக்கும். ஆனால் அது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும் சரக்கு, ஆபத்துக்கு ஒதுக்கி வைத்த இருப்பு ஆகாது. 2025 ஜூனில் ஈரான்–இஸ்ரேல் சண்டை நடந்த 12 நாட்களும் பெட்ரோல் விலையைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் விசாரித்தார்கள். எனக்கு எரிவாயுக் கப்பல்களின் கவலைதான் இருந்தது. 2026ஆம் ஆண்டுக்கு அமெரிக்காவிலிருந்து 22 லட்சம் டன் வாங்க ஒப்பந்தமானதை வரவேற்கிறேன். ஆனால் வளைகுடாக் கப்பல் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும், அமெரிக்கக் கப்பலுக்கு ஒரு மாதத்துக்கும் மேலாகும். தூரம் கூடினால் இங்கே வைத்திருக்க வேண்டிய இருப்பும் கூட வேண்டும். சேமிப்புத் தொட்டிகளுக்குப் பணம் ஒதுக்குவதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

விலை ஏன் முதல் தேதியில் மாறுகிறது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. சவூதி அரேபியாவின் எண்ணெய் நிறுவனம் புரொப்பேன், பியூட்டேன் இரண்டுக்கும் மாதத்துக்கு ஒரு விலை அறிவிக்கும். நம் கொள்முதல் அதை ஒட்டியே நடக்கிறது. வீட்டுச் சிலிண்டரில் அந்த ஏற்றத்தின் ஒரு பகுதியை அரசும் நிறுவனங்களும் தாங்கிக்கொள்கின்றன. இதற்காகவே 2025 ஆகஸ்டில் 30,000 கோடி ரூபாய் ஈடு அறிவிக்கப்பட்டது. கடைக்கு வரும் 19 கிலோ சிலிண்டருக்கு அந்தக் குடை இல்லை. அதனால் வளைகுடாவில் விலை அசைந்தால் தாராவிக் கொப்பரைக்கு அது அப்படியே வந்து சேரும்.

விலையை அவரால் மாற்ற முடியாது. தான் கொடுக்கும் காசுக்கு உரிய அளவு வருகிறதா என்று பார்க்க முடியும். கப்பலில் நான் செய்வதை அவர் வாசலில் செய்யலாம். சிலிண்டரின் கழுத்து வளையத்தில் அதன் வெற்று எடை பொறித்திருக்கும். அதோடு 19 கிலோவைக் கூட்டினால் மொத்த எடை. வீட்டுச் சிலிண்டர் என்றால் 14.2 கிலோ. எடை போட்டுக் காட்டச் சொல்வது நுகர்வோரின் உரிமை. வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ முதல் டி வரை ஆண்டின் நான்கு காலாண்டுகள், இலக்கம் ஆண்டு. அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டரை மறுபரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். நாள் கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். சுடர் மஞ்சளாக எரிந்தால் பர்னரின் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். மஞ்சள் சுடர் என்றால் எரிவாயு முழுதாக எரியாமல் கரியாகப் போகிறது என்று பொருள்.

அந்தச் சந்தில் ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும் சுவரில் கரித்துண்டால் தேதி எழுதும் வழக்கம் அவருக்கு உண்டு. சென்ற வாரம் போனபோது தூக்குத் தராசு ஒன்று உத்தரத்தில் தொங்கியது. தேதிக்குப் பக்கத்தில் எடையும் எழுதியிருந்தார். மூன்று வரிசை சரியாக இருந்தன. நான்காவதில் 600 கிராம் குறைவு. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வண்டிக்காரர் வரட்டும் என்று காத்திருந்தார்.