காற்றாலை கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும்?

அழகான மலைச்சரிவில் காற்றாலைகள் வரப்போகின்றன என்றதும் எழும் எதிர்ப்பை ‘வெறும் உணர்ச்சி’ என்று தள்ளிவிடுவது எளிது. அது நியாயமில்லை. எங்கிருந்து பார்த்தால் எத்தனை ஆலைகள் எந்த அளவில் தெரியும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கணக்கிடலாம். அந்தக் கணக்கு சரிதானா என்று வரைபடமும் அளவுகோலும் வைத்திருக்கும் எவரும் சோதிக்கலாம்.

சிக்கலின் வேர் இயற்பியலில் இருக்கிறது. காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப உயரும். வேகம் விநாடிக்கு 6 மீட்டரிலிருந்து 7.5 மீட்டராகக் கூடினாலே ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். மலைமுகட்டில் ஏறும் காற்று நெருக்குண்டு வேகமெடுக்கிறது. தடுக்க மரமோ கட்டடமோ இல்லை. எந்தத் திறந்தவெளிக்காக மக்கள் அந்த இடத்தை நேசிக்கிறார்களோ, அதையேதான் காற்றாலையும் தேடி வருகிறது.

105 மீட்டர் கோபுரம், 75 மீட்டர் இறக்கை, ஆக உச்சி 180 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இன்று கடலில் அல்லாமல் நிலத்தில் நிறுவும் ஆலைகளில் இது வழக்கமான அளவுதான். 5 கி.மீ. தொலைவில் இதன் உயரம் கண்ணில் சுமார் 2 டிகிரி. 20 கி.மீ. தொலைவில் அரை டிகிரி, அதாவது முழுநிலவின் விட்டம். கூர்மையான பார்வை பிரித்தறியும் மிகச்சிறிய கோணம் டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, 10 கி.மீ. தொலைவில் அது 3 மீட்டருக்குச் சமம். அதனால் இறக்கையின் மெல்லிய நுனிப்பகுதி அந்தத் தொலைவில் மங்கத் தொடங்கும், 4 மீட்டர் தடிமனுள்ள கோபுரம் இன்னும் தெரியும். ஆனால் அசைவு என்பது தனிக்கதை. நிற்கும் பொருளைக் கவனிக்காமல் விடும் கண், சுழலும் பொருளைத் தேடிப் பிடித்துவிடும்.

திட்ட அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, எங்கெங்கிருந்து ஆலைகள் தெரியும் என்று நிறம் தீட்டிக் காட்டும் வரைபடம். நிலத்தின் உயரத் தரவைக் கட்டம் கட்டமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆள் நிற்பதாகக் கொண்டு, அங்கிருந்து ஆலை உச்சிக்கு நேர்கோடு இழுத்து இடையில் மேடு மறிக்கிறதா என்று கணினி பார்க்கிறது. பூமியின் வளைவையும் கழிக்க வேண்டும்: ஒளி சற்று வளைவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 20 கி.மீ. தொலைவில் சுமார் 27 மீட்டரும், 30 கி.மீ. தொலைவில் சுமார் 60 மீட்டரும் மறையும். கட்டம் பெரிதாக இருந்தால் சிறு மேடுகள் தரவிலேயே காணாமல் போகும். மரங்களைச் சேர்க்காத வரைபடம் நிலைமையை மிகைப்படுத்தும். மரங்களைச் சேர்த்ததோ, அவற்றை வெட்டிய மறுநாளே பொய்யாகிவிடும். இரண்டையும் கேட்டு வாங்குவதே சரி.

அதிகம் ஏமாற்றுவது புகைப்படம்தான். இருக்கும் நிலக்காட்சியில் வரவிருக்கும் ஆலைகளை ஒட்டிக் காட்டும் படத்தை முழுச்சட்டக் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவு உணரி கொண்டது) 50 மி.மீ. லென்ஸால் எடுப்பது பொதுவான நெறி. 25 மி.மீ. அகலக்கோண லென்ஸில் எடுத்து அதே தாளில் அச்சிட்டால் ஆலைகள் பாதியாகச் சுருங்கிவிடும். கைபேசியின் முதன்மை லென்ஸும் பெரும்பாலும் இந்த வகைதான். எதிர்ப்பாளர்களின் துண்டறிக்கைகளிலும் இதே தவறு மறுபக்கமாக நடக்கிறது: தொலைநோக்கு லென்ஸ் ஆலைகளை ஊரின் தலைமேல் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

சோதிக்க ஒரு பெருக்கல் போதும். ஆலையின் உயரத்தை அதன் தொலைவால் வகுத்து, படத்தைக் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறீர்களோ அந்த அளவால் பெருக்குங்கள். 180 மீட்டர் ஆலை, 5 கி.மீ. தொலைவு, படம் கண்ணிலிருந்து 50 செ.மீ. என்றால் தாளில் ஆலை 18 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். 9 மி.மீ.தான் இருக்கிறதென்றால் அந்தப் படத்தை 25 செ.மீ. அருகில் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை அளவு கிடைக்கும். கோபுரத்தின் அடி மேட்டில் மறைந்திருந்தால், இறக்கைகள் வரையும் சுழல்வட்டத்தின் விட்டத்தை அளக்கலாம்: 150 மீட்டருக்கு 15 மி.மீ.

இறக்கைகள் நிற்கும் கோலத்தையும் கவனியுங்கள். ஓர் இறக்கை நேர் மேலே நின்றால் உச்சி 180 மீட்டர். அதுவே நேர் கீழே தொங்குவதாக வரைந்தால், மற்ற இரண்டும் சாய்ந்து நிற்பதால், உச்சி 142.5 மீட்டர்தான். வெளிர் சாம்பல் வானத்தில் வெள்ளை ஆலைகள் கரைந்துவிடும் என்பதால், தெளிந்த நாளில் எடுத்த படமே வேண்டும் என்று வற்புறுத்த வேண்டும்.

ஆலைகள் ஒன்றின் கலங்கிய காற்றை மற்றொன்று வாங்காதிருக்க இடைவெளி வேண்டும். காற்றுக்குக் குறுக்கே சுழல்வட்டத்தின் விட்டத்தைப் போல் நான்கு மடங்கு இடைவெளி விட்டால், பத்து ஆலைகளின் வரிசை 5 கி.மீ.க்கு மேல் நீளும். ஒரே இடத்திலிருந்து பார்க்கையில் இரண்டு மூன்று சுழல்வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் காட்சி குழம்பிப்போகும். பல நேரங்களில் ஓரிரு ஆலைகளை நகர்த்தினாலே இது தீர்ந்துவிடுகிறது. எண்ணிக்கையைப் பற்றி மட்டும் வாதாடுபவர்கள் இந்த வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள்.

சுழலும் இறக்கைகளின் நிழல் விட்டுவிட்டு விழும் ‘நிழலாட்டம்’ வலிப்பைத் தூண்டும், தொல்லை தரும் என்ற அச்சம் பாதி சரி. நிமிடத்துக்கு 10 சுற்று சுழலும் மூன்றிறக்கை ஆலை, விநாடிக்கு அரைமுறைதான் நிழலை வீசும். வலிப்பைத் தூண்டக்கூடியது விநாடிக்கு சுமார் 3 முறைக்கு மேற்பட்ட சிமிட்டல். ஆனால் வீட்டுக்குள் வந்து போகும் அந்த நிழல் உண்மையான தொல்லை. ஜெர்மனியில் ஆண்டுக்கு 30 மணி நேரம், நாளுக்கு 30 நிமிடம் என்பது வரம்பு. ஒளி உணரியும் தானாக நிறுத்தும் அமைப்பும் இதைச் சமாளிக்கும். ஒலியில் மோசமான வேளை, முகட்டில் காற்று வீச, பள்ளத்தாக்கு அசைவற்றுக் கிடக்கும் இரவு. இலைச் சலசலப்புகூட இல்லாததால் இறக்கையின் ‘விஷ் விஷ்’ தனித்துக் கேட்கும்.

படங்களில் அநேகமாக வராதது பாதை. 75 மீட்டர் இறக்கை ஒரே துண்டாக வருவதால் வளைவுகளை வெட்டி அகலப்படுத்த வேண்டும், ஒவ்வோர் ஆலைக்கும் கிரேன் நிற்கச் சமதளம் வேண்டும், அடித்தளத்துக்கு நூற்றுக்கணக்கான கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். சரிவில் 5 மீட்டர் பாதைக்கு மேலே வெட்டிய சரிவும் கீழே கொட்டிய மண்ணும் சேர்ந்தால் காயம் பல மடங்கு அகலமாகும். மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்து மறுபடி பரப்பாவிட்டால் புல் பிடிக்காது. மழை அந்த இடத்தை ஓடையாக்கிவிடும். ஆலை அகற்றப்பட்ட பிறகும் தெரியப்போவது இந்த வெட்டுதான்.

மின்கம்பித் தடத்தையும் விடக்கூடாது. ஆலைகளுக்கு இடையே கம்பி நிலத்தடியில் போகலாம், ஆனால் துணைமின் நிலையத்திலிருந்து வெளியேறும் உயரழுத்தத் தடம் கோபுரம் கோபுரமாகப் பள்ளத்தாக்கைக் கடக்கக்கூடும். அது தனி விண்ணப்பமாக, பின்னால் வந்தால் அதன் தோற்றம் ஆலைகளோடு சேர்த்து எடைபோடப்படாமலே போய்விடும். இரண்டும் ஒரே படத்தில், ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள்.