கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறதா? வண்டியை ஓரம் கட்டுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. 1970 ஷெவ்ரோலே ஷெவெல். 350 கன அங்குல எஞ்சினை இறக்கி, சிலிண்டரை போர் செய்து, புது பிஸ்டன், புது கேம்ஷாஃப்ட், புது கார்புரேட்டர் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார் உரிமையாளர். எஞ்சின்தான் வெளியே கிடக்கிறதே என்று பழைய மூன்று கியர் டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியையும் கழற்றிவிட்டு, நான்கு கியர் 700ஆர்4 ஆட்டோமேட்டிக் பெட்டியை மாட்டிவிட்டார். நல்ல முடிவுதான். ஆனால் 240 மைலில் மூன்றாவது கியர் விழவில்லை. என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள்.

ஆயில் பேனை இறக்கினேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில், ஆறிப்போன டிகாஷன் நிறத்தில் இருந்தது. கருகிய வாடை. பேனின் அடியில் விரலை வைத்தால் கிளட்ச் பிளேட் பொடி சேறாக ஒட்டியது. மூன்றாவது, நான்காவது கியரைப் பிடிக்கும் 3-4 கிளட்ச் மொத்தமும் காலி.

கார்புரேட்டரிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் டி.வி. (த்ராட்டில் வால்வ்) கேபிளை எப்படி அட்ஜஸ்ட் செய்தீர்கள் என்று கேட்டேன். “கிக்டவுன் கேபிள்தானே? கியர் லேட்டாக மாறியது, கொஞ்சம் லூஸ் பண்ணினேன். அப்புறம் வெண்ணெய் மாதிரி விழுந்தது.”

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இன்னொரு முறை சொல்கிறேன்: அது கிக்டவுன் கேபிள் இல்லை. டர்போ 350-இல் இருந்ததுதான் கிக்டவுன் கேபிள். மிதியை முழுதாக அழுத்தினால் கீழ் கியருக்கு இறக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. ஆயில் பிரஷரைப் பார்த்துக்கொள்ள அங்கே எஞ்சினின் வேக்குவத்தை வைத்து வேலை செய்யும் மாடுலேட்டர் தனியாக இருக்கிறது. அதனால்தான் கேபிளே இல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், அந்தத் தைரியம்தான் இங்கே வந்து கெடுக்கிறது. 700ஆர்4-இல் மாடுலேட்டரே கிடையாது. உங்கள் கால் எவ்வளவு மிதிக்கிறது என்று பெட்டிக்குச் சொல்ல அந்த ஒரு கேபிளை விட்டால் வேறு ஆள் இல்லை. அதை லூஸ் செய்தால், எஞ்சின் முழுப் பலத்தில் இழுக்கும்போதும் கிளட்ச் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். வழுக்கி வழுக்கித்தான் பிடிக்கும். நீங்கள் வெண்ணெய் என்று ரசித்தது அந்த வழுக்கலைத்தான். கியர் கொஞ்சம் அழுத்தமாக விழட்டுமே, என்ன குறைந்துவிடும்?

வெளியில் வாங்கிய கார்புரேட்டர் போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. அதன் லீவர் கேபிளை இழுக்கும் தூரமும் கோணமும் கம்பெனி போட்ட பழைய குவாட்ராஜெட் கார்புரேட்டர் மாதிரி இருக்காது. அதற்கென்றே திருத்தும் பிராக்கெட் விற்கிறார்கள், எஞ்சினுக்குச் செய்த செலவில் அது ஒரு தூசு. மிதியை ஒருவரை முழுதாக அழுத்தச் சொல்லிவிட்டுப் பானட்டுக்குள் பாருங்கள். கேபிள் கடைசிவரை வந்திருக்க வேண்டும். பிறகு பெட்டியில் ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். கேஜ் இல்லையா, இருப்பவரிடம் போங்கள். காதை வைத்து அட்ஜஸ்ட் செய்யாதீர்கள், தயவுசெய்து.

சரி, மற்றதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைப் பெட்டிக்குள் சுழற்றிச் சுழற்றித் தள்ளும்போது மூன்று முறை ‘டொக்’ என்று இறங்க வேண்டும். இரண்டோடு விட்டுவிட்டு, பெட்டியின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங் எஞ்சினோடு ஒட்டவில்லையே என்று போல்ட்டைப் போட்டு இழுத்தால் பம்ப் உடையும். அப்படியே தப்பினாலும் கன்வெர்ட்டர் கிராங்கை முன்னால் தள்ளி, கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும், நேற்று போட்ட த்ரஸ்ட் பேரிங்கைத் தின்றுவிடும். அப்போது திட்டு வாங்குவது பாவம் எஞ்சின் வேலை செய்தவர். பெல் ஹவுசிங் கைத்தள்ளலிலேயே ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு கன்வெர்ட்டருக்கும், கிராங்கின் பின்னால் இருக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட் தகட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பிளாக்கின் பின்பக்கத்தில் பெட்டியை நேராக நிறுத்தும் இரண்டு டவல் பின்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள், மெஷின் ஷாப்பில் கழற்றியது திரும்பி வராமலே போவதுண்டு.

700ஆர்4 பெட்டி டர்போ 350-ஐவிட ஏறக்குறைய 3 அங்குலம் நீளம். டிரைவ் ஷாஃப்ட்டை வெட்டிச் சுருக்கி பேலன்ஸ் செய்ய வேண்டும், பெட்டியைத் தாங்கும் கிராஸ் மெம்பரும் பின்னால் நகரும். டிரைவ் ஷாஃப்ட்டை வெட்டும் வேலையே வேண்டாம் என்றால் இன்னொரு நான்கு கியர் பெட்டியான 200-4ஆர் பாருங்கள். நீளம் பழையதேதான், கிராஸ் மெம்பரை மட்டும் நகர்த்தினால் போதும்.

பின் ஆக்சில் ரேஷியோவைப் பார்க்காமல் பெட்டி வாங்காதீர்கள். 26 அங்குல டயர், 3.73 ஆக்சில் என்றால் 60 மைல் வேகத்தில் ஏறக்குறைய 2,900 ஆர்.பி.எம்.-ல் கத்தும் எஞ்சின், நான்காவது கியரான ஓவர்டிரைவின் 0.70 ரேஷியோவில் 2,000 பக்கம் இறங்கும். அருமை. 2.73 ஆக்சிலில் அதே வேகத்தில் 1,500-க்கும் கீழே போய்விடும். பெரிய கேம்ஷாஃப்ட் அங்கே திணறும்.

கடைசியாக, ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர். பழைய பெட்டி உதிர்த்த அழுக்கு முழுவதும் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கும். கழுவாமல் புதுப் பெட்டியை இணைத்தால் முதல் நாளே அதைக் குடிக்கும். இந்த ஷெவெலில் நான் அதைக் கழுவியபோது கறுப்பாகத்தான் வந்தது, மூன்றாவது தடவை தெளிந்தது.

வண்டி அடுத்த வாரம் கிளம்பும். உரிமையாளரைப் பக்கத்தில் நிற்க வைத்து, கேபிளை மாட்டி, கேஜ் முள்ளை அவர் கண்ணால் பார்த்த பிறகுதான் சாவி.