கோழி இறைச்சியிலிருந்து நரம்பு வரை: கேம்பிலோபேக்டர் செய்யும் வேலை

கேம்பிலோபேக்டர் ஒரு நோஞ்சான் பாக்டீரியா. காற்றில் உள்ள 21 சதவீத ஆக்சிஜனை அதனால் தாங்க முடியாது. 5 சதவீதம் இருந்தால்தான் நன்றாக வளரும். 30 டிகிரி செல்சியசுக்குக் கீழே பெருகாது. ஈரம் காய்ந்தால் செத்துப்போகும். ஆனாலும் உலகம் முழுவதும் மனிதர்களுக்கு வரும் பாக்டீரியா வயிற்றுப்போக்குக்கு இது முன்னணிக் காரணம்.

இதற்கு ஏற்ற வீடு பறவையின் குடல். பறவைகளின் உடல் வெப்பம் 41, 42 டிகிரி. அந்தச் சூட்டில் இது செழித்து வளரும். கோழிக்குப் பெரும்பாலும் நோய் எதுவும் தெரியாது. அறுக்கும்போது குடலிலிருந்து கசிவது தோலிலும் இறைச்சியிலும் ஒட்டிக்கொள்கிறது. காய்ச்சாத பாலும் சுத்திகரிக்காத தண்ணீரும் மற்ற வழிகள்.

சால்மோனெல்லா என்ற இன்னொரு வயிற்றுக் கிருமி பெரும்பாலும் வெளியே வைத்த உணவில் பல மடங்கு பெருகிய பிறகே பலரைச் சாய்க்கிறது. கேம்பிலோபேக்டருக்கு அந்த அவகாசம் தேவையில்லை. சில நூறு கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே போதும்; பச்சை இறைச்சியிலிருந்து சொட்டும் ஒரு துளி நீரில் அதற்கு மேலேயே இருக்கலாம். உணவு கெட்டிருக்காது, நாறாது. ஆகவே இறைச்சியைக் குழாயடியில் கழுவாதீர்கள். தெறிக்கும் நீர் பக்கத்துப் பாத்திரங்களில் விழும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் வெங்காயம், தக்காளி நறுக்கக் கூடாது. இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் கிருமி அழியும். உறைய வைத்தால் எண்ணிக்கை குறையும், முழுவதும் சாகாது.

சுருள் வடிவமும் இரு முனைகளிலும் உள்ள, நீந்த உதவும் வால் போன்ற கசையிழைகளும் குடலின் சளிப் படலத்தை இது திருகாணி போல் துளைத்துச் செல்ல உதவுகின்றன. குடல் சுவரின் செல்களுக்குள் நுழைந்து, அவற்றின் டிஎன்ஏவை வெட்டும் நச்சையும் சுரக்கிறது. சுவர் அழற்சியாகிப் புண்ணாவதால்தான் மலத்தில் ரத்தம் வருகிறது.

நோய் வெளிப்பட 2 முதல் 5 நாள் ஆகும். அதனால்தான் பலர் நேற்றுச் சாப்பிட்டதன் மேல் பழிபோடுகிறார்கள். சிலருக்கு முதல் நாள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி மட்டும்தான் இருக்கும். வயிற்றுப்போக்கு பிறகே தொடங்கும். வயிற்றைப் பிசையும் வலி கடுமையாக இருக்கும். வலது அடிவயிற்றில் வலித்தால் குடல்வால் அழற்சி என்று தவறாக நினைத்து அறுவை சிகிச்சை வரை போனதும் உண்டு. மலத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சர் சோதனையில் இது சிக்காது; ஆக்சிஜன் குறைத்த கலனில், 42 டிகிரியில், 48 மணி நேரம் வளர்க்க வேண்டும்.

பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் தானாகச் சரியாகும். தேவைப்படுவது ஓஆர்எஸ் கரைசல். ஒவ்வொரு முறை போன பிறகும் குடிக்க வேண்டும். காய்ச்சலும் ரத்தமும் இருக்கும்போது போக்கை நிறுத்தும் மாத்திரை போடக் கூடாது. நோய் கடுமையானால், அல்லது கர்ப்பிணிகள், முதியவர்கள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் என்றால், மருத்துவர் பொதுவாக அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் தருவார். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கை நம்ப முடிவதில்லை: ஒரே ஒரு மரபணு மாற்றம் போதும், கிருமி அதற்கு மசியாது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வயிற்றுப்போக்கு நின்ற பிறகு வருவதைப் பற்றித்தான். சிலருக்கு முழங்காலும் கணுக்காலும் வீங்கும். சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு, 1 முதல் 3 வாரத்தில், ஜிபிஎஸ் எனப்படும் கில்லன் பாரே நோய் வருகிறது; உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் நோய் இது. சில கேம்பிலோபேக்டர் வகைகளின் மேலுறையில் உள்ள சர்க்கரை அமைப்பு, நம் நரம்பு உறையில் உள்ள கேங்ளியோசைடு என்ற கொழுப்பின் அமைப்பை அப்படியே ஒத்திருக்கிறது. கிருமியை அழிக்க உருவான ஆன்டிபாடிகள் நரம்பையும் தாக்கிவிடுகின்றன.

முதலில் இரு பாதங்களிலும் மதமதப்பு. பிறகு படியேற முடியாது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாது. பலவீனம் காலிலிருந்து மேலே ஏறி மூச்சுத் தசைகளை எட்டினால் வென்டிலேட்டர் தேவைப்படும். ஏறக்குறைய நான்கில் ஒருவர் அந்த நிலைக்குப் போகிறார். இந்தக் கட்டத்தில் ஆன்டிபயாட்டிக்கால் பயனில்லை, ஸ்டீராய்டு மாத்திரையாலும் இல்லை. ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின் (கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகள்) அல்லது பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப் பகுதியை எடுத்துவிட்டு மாற்றுவது)தான் சிகிச்சை; முதல் 2 வாரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். எனவே கால் துவளும்போது, அன்றே மருத்துவமனைக்குப் போய், சில வாரம் முன்பு வயிற்றுப்போக்கு இருந்ததைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.