வீடு வாங்கியதும் வரும் கேள்வித்தாள்

டெக்சாஸில் வீடு வாங்கிக் குடியேறியதும் பலருக்கு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (சொத்து வரிக்காக வீடுகளை மதிப்பிடும் அமைப்பு) அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். வாங்கிய விலை என்ன, க்ளோசிங் (வீடு உங்கள் பெயருக்கு மாறியது) எந்தத் தேதி, ஃப்ரிட்ஜ், சோஃபா போன்றவையும் அந்த விலையில் அடங்குமா, வீட்டின் நிலை எப்படி என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். சொத்து வரி ஆலோசகரான என்னிடம் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், பதில் போடலேன்னா ஃபைன் உண்டா?" என்பதுதான்.

இல்லை. விற்பனை விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று டெக்சாஸில் சட்டம் கிடையாது. பத்திரத்திலும் உண்மையான விலையைப் போடாமல் 'பத்து டாலரும் பிற கைம்மாறும்' என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். அதனால்தான் உங்களிடமே கேட்கிறார்கள்.

அதற்காகப் பிரிக்காமல் குப்பையில் போட்டுவிடாதீர்கள். முதலில் உங்கள் வீட்டுக்கு அலுவலகம் போட்டிருக்கும் மதிப்பை அவர்களுடைய இணையதளத்தில் பாருங்கள். அவர்கள் 5,10,000 டாலர் என்று வைத்திருக்கும் வீட்டை, அஸ்திவாரத்தில் விரிசல் இருப்பதால் நீங்கள் 4,60,000-க்கு வாங்கியிருந்தால், அந்த விலைதான் உங்கள் கையில் இருக்கும் பலமான சான்று. க்ளோசிங் அறிக்கை, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், விரிசலின் படங்கள், பழுது பார்க்க வாங்கிய எஸ்டிமேட் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். க்ளோசிங் செலவில் விற்றவர் ஒரு பங்கை ஏற்றிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். அதைச் சொல்லாவிட்டால் விலை உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். மே 15-க்குள், அல்லது மதிப்பு அறிவிப்பு அனுப்பப்பட்டதிலிருந்து 30 நாட்களுக்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் ப்ரொடெஸ்ட் (மதிப்பை எதிர்க்கும் மனு) தாக்கல் செய்யலாம். ஜனவரி 1 அன்று வீடு எந்த நிலையில் இருந்தது என்பதுதான் கணக்கு. ஆகவே பழுது பார்ப்பதற்கு முன்பே தேதியுடன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர்களின் மதிப்பைவிட அதிகம் கொடுத்து வாங்கியிருக்கிறீர்களா? சரி, பதில் அனுப்பாமல் இருப்பது உங்கள் உரிமை. ஆனால் விலையைக் குறைத்து மட்டும் எழுதாதீர்கள். அரசு ஆவணத்தில் தெரிந்தே பொய் எழுதுவது குற்றம். கூச்சப்பட்டோ பயந்தோ ஏதோ ஒரு தொகையை எழுதி அனுப்புவதைவிட, அனுப்பாமலே இருப்பது எவ்வளவோ மேல்.

புதிதாக வாங்கியவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. விற்றவருக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு (தான் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்கும் வரிச் சலுகை) இருந்திருந்தால், வரி விதிக்கும் மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்ற உச்சவரம்பும் இருந்திருக்கும். அது உங்களுக்குக் கைமாறாது. நீங்கள் அந்த விலக்கைப் பெற்றதற்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் உங்களுக்கான உச்சவரம்பு தொடங்கும். விற்றவர் கட்டிய வரியை வைத்து மாதத் தவணையைக் கணக்குப் போட்டவர்கள், எஸ்க்ரோ தொகை (வரிக்காகத் தவணையோடு சேர்த்து வசூலிக்கும் பணம்) ஏறியதும் தவித்துப்போகிறார்கள். அந்த முதல் மதிப்பை எதிர்த்துக் கேட்பது அதனால்தான் முக்கியம்.

கடிதத்தின் தலைப்பையும் கவனியுங்கள். ஹோம்ஸ்டெட் விலக்குக்கு இன்னும் தகுதி இருக்கிறதா என்று சரிபார்க்கும் கடிதம் வேறு. 2023-ல் வந்த சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைச் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பதில் போடாவிட்டால் விலக்கே பறிபோகலாம். 2025 வரியாண்டிலிருந்து பள்ளி வரிக்கான அந்த விலக்கு 1,40,000 டாலர்.

அப்புறம், அரசு முத்திரை போலவே ஒன்றை அச்சிட்டு, 'விலக்கு வாங்கித் தருகிறோம், கட்டணம் அனுப்புங்கள்' என்று தனியார் கடிதங்களும் வரும். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. ஓட்டுநர் உரிமத்தில் புது முகவரியை மாற்றிக்கொண்டு, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்துவிடலாம்.